கேட்டால் மட்டும் பேசும் ஃபங்ஷன்: ஆக்டேவ், மேட்லாபில் திரைவெளியீட்டை அடக்குவது எப்படி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதைக்கு ஆக்டேவ் அல்லது மேட்லாப் என்ற எண்கணக்கு மென்பொருளில் ஒரு காற்றழுத்தக் கணக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1515 மீட்டர், நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் உயரத்தைக் கொடுத்தால் அழுத்தத்தைத் திருப்பித் தரும் சின்ன ஃபங்ஷன். 20 வளைவுக்கும் சுற்றில் ஓட்டினால் திரையில் அறுபது எழுபது வரி ஓடுகிறது. வேண்டிய விடை அதற்குள் எங்கேயோ கிடக்கிறது. ரெக்கார்டு நோட்டில் ஒட்ட அச்செடுத்தால் நாலு பக்கம். கணக்கில் தப்பில்லை. யார் பேச வேண்டும், யார் சும்மா இருக்க வேண்டும் என்பதை யாரும் தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம்; தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க ஆக்டேவும் விடாது, மேட்லாபும் விடாது. மேற்கோளுக்குள் போகும் வாசகம் மட்டும் தமிழில் இருக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு, பின்னால் வருகிறது.

எடுத்துக்காட்டு ஃபங்ஷனின் பெயர் ‘அழுத்தம்’ (இதையும் மாறிப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்). உள்ளீடு எச், அதாவது மீட்டரில் உயரம். வெளியீடு பி, ஹெக்டோபாஸ்கலில் அழுத்தம். சூத்திரம்: 1013.25 × (1 − 0.0000225577 × எச்) இதன் 5.25588 ஆம் அடுக்கு. பல உயரங்களை ஒரே அணியாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அடுக்குக் குறிக்கு முன்னால் ஒரு புள்ளி வையுங்கள் (.^). இல்லாவிட்டால் சதுர அணி இல்லை என்று பிழை வரும். 278 மீட்டருக்கு 980.3, 1515 மீட்டருக்கு 844.0 வர வேண்டும். இந்த இரண்டு எண்களை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே எல்லாச் சோதனைக்கும் இவைதான்.

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கூற்றின் கடைசியில் செமிகோலன் (;) போட்டால் அதன் விடை திரைக்கு வராது. எச்சரிக்கை, பிழைச் செய்திகளை விட்டால், திரையில் ஒரு வரி வருவதற்கு மூன்றே வழி. ஃபங்ஷனுக்கு உள்ளே ஏதோ ஒரு வரியில் செமிகோலன் விட்டுப்போயிருக்கும். அல்லது ஃபங்ஷனைக் கூப்பிட்ட வரியில் செமிகோலன் இருக்காது. அல்லது உள்ளே டிஸ்ப், எஃப்பிரிண்ட்எஃப் போன்ற அச்சுக் கட்டளை இருக்கும்.

எது என்பதை வெளியீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ‘டி = 0.8330’ என்று பெயரோடு வந்தால், டி என்ற மாறிக்கு மதிப்பு கொடுத்த வரியில் செமிகோலன் இல்லை. எடிட்டரில் அந்த மாறியைத் தேடினால் ஆள் அகப்பட்டுவிடும். ‘ஆன்ஸ் =’ என்று வந்தால், எந்த மாறியிலும் பிடித்துவைக்காத ஒரு கணக்கு; பெரும்பாலும் கூப்பிட்ட வரியே. பெயரும் சமக்குறியும் இல்லாமல் வெறும் எண்ணோ வாசகமோ வந்தால் அச்சுக் கட்டளை. மேட்லாபின் எடிட்டர், ஃபங்ஷனுக்குள் செமிகோலன் விட்ட இடத்தில் சமக்குறிக்கு அடியில் ஆரஞ்சு நிறக் கோடு போட்டுக் காட்டும். ஆக்டேவில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம், கண்தான்.

செமிகோலன் போட்டும் அடங்கவில்லை என்று சொல்கிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்கட்டும். ஒன்று, கருத்துரை. மேற்கோளுக்கு வெளியே, சதவீதக் குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் கருத்துரை. ‘உயரம் மீட்டரில்;’ என்று கருத்துரையின் கடைசியில் போட்ட செமிகோலனைக் கணினி படிப்பதே இல்லை. செமிகோலன் சதவீதக் குறிக்கு முன்னால் வர வேண்டும். இன்னொன்று, நீளமான வரியை மூன்று புள்ளி வைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது. மூன்று புள்ளிக்குப் பின்னால் அதே வரியில் எது இருந்தாலும் கணக்கில்லை. கூற்று எந்த வரியில் முடிகிறதோ அந்த வரியின் கடைசியில்தான் செமிகோலன். சதுர அடைப்புக்குள் இருக்கும் செமிகோலன் அணியின் நிரையை முடிக்கிறதே தவிர, எதையும் அடக்காது.

கமாவும் இரண்டு கூற்றுகளைப் பிரிக்கும். ஆனால் வாயை மூடாது. ஒரே வரியில் மூன்று கூற்று எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

கூப்பிடுகிறவர் கேட்டாரா இல்லையா: நார்க்அவுட்

இதுதான் முக்கியமான கருவி. என், ஏ, ஆர், ஜி, அவுட் என்று சேர்த்து எழுத வேண்டும். ஃபங்ஷனுக்குள் இதைப் பார்த்தால், கூப்பிட்டவர் எத்தனை விடைகளைக் கையில் வாங்கக் காத்திருக்கிறார் என்ற எண் கிடைக்கும். ‘எக்ஸ் = அழுத்தம்(1515)’ என்றால் 1. வெறுமனே ‘அழுத்தம்(1515)’ என்றால் 0. இன்னொரு கணக்குக்கு நடுவே, ‘அழுத்தம்(1515) > 900’ என்பது போல வந்தாலும் 1 தான்.

மென்பொருளோடு கூடவே வரும் ஹிஸ்ட் என்ற ஃபங்ஷன் இப்படித்தான் வேலை செய்கிறது: விடையை வாங்காமல் கூப்பிட்டால் படம் வரையும், வாங்கினால் படமில்லாமல் எண்ணிக்கையை மட்டும் தரும். நம்முடையதையும் அப்படியே அமைக்கலாம்.

1. கணக்கை முழுவதும் ‘டி’ என்ற உள்மாறியில் போடுங்கள். வெளியீட்டு மாறியான பி-யை இன்னும் தொட வேண்டாம்.

2. நார்க்அவுட் 0 என்றால், எஃப்பிரிண்ட்எஃப் கொண்டு உயரத்தையும் அழுத்தத்தையும் அலகோடு அச்சிடுங்கள்.

3. இல்லையென்றால் பி = டி என்று மட்டும் கொடுங்கள். அச்சு எதுவும் வேண்டாம்.

4. இஃப்-ஐ எண்ட் கொண்டு மூடுங்கள்.

இப்போது ‘அழுத்தம்(1515)’ என்று தட்டினால் ஒரே வரி வரும், ஆன்ஸ் வராது. ‘எக்ஸ் = அழுத்தம்(1515);’ என்றால் ஒன்றுமே வராது, எக்ஸ்-இல் 844.00 உட்கார்ந்திருக்கும்.

முதல் படியில் பி-யைத் தொடாதே என்றது ஏன்? வெளியீட்டு மாறிக்கு மதிப்பு கிடைத்துவிட்டால், நார்க்அவுட் 0 ஆக இருந்தாலும் அந்த மதிப்பு ஆன்ஸ்-க்குப் போகும். செமிகோலன் இல்லாவிட்டால் திரையிலும் வரும். அழகான ஒரு வரி அச்சாகி, அதற்குக் கீழே ‘ஆன்ஸ் = 844.00’ என்று அதே விடை மறுபடியும் நிற்கும். பலர் பழக்கத்தில் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பி = 0 என்று போட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரியே இந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடும். அழுத்தம் 0 என்று ஆன்ஸ் சொல்லும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வெளியீட்டு மாறியைத் தொடாமல் விட்டால் ஆன்ஸ் புதுப்பிக்கப்படாது. அதில் முன்பு கிடந்த பழைய மதிப்பே இருக்கும். ‘அழுத்தம்(1515)’ என்று தட்டிவிட்டு அடுத்த வரியில் ஆன்ஸ்-ஐ 100-ஆல் பெருக்கினால், எப்போதோ செய்த வேறு கணக்கைத்தான் பெருக்குகிறீர்கள். பிழைச் செய்தி எதுவும் வராது.

இன்னொரு எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்: கூப்பிட்ட வரியில் செமிகோலன் இருந்ததா என்பது ஃபங்ஷனுக்குத் தெரியவே தெரியாது. ‘அழுத்தம்(1515);’ என்று செமிகோலனோடு கூப்பிட்டாலும் நார்க்அவுட் 0 தான்; எஃப்பிரிண்ட்எஃப் அச்சிடத்தான் செய்யும். செமிகோலன் அடக்குவது கூற்றின் விடையை மட்டுமே. டிஸ்ப், எஃப்பிரிண்ட்எஃப் இரண்டும் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல.

இரண்டு வெளியீடுகள் இருந்து, கூப்பிடுகிறவர் இரண்டையும் கேட்டால், இரண்டுக்கும் மதிப்பு கொடுத்தே ஆக வேண்டும். ஏதாவது ஒரு கிளையில் விட்டுப்போனால், வெளியீட்டு மாறி வரையறுக்கப்படவில்லை என்ற பிழை ஃபங்ஷன் முடியும் இடத்தில் வரும். எந்த இஃப் கிளையில் விட்டது என்று அது சொல்லாது. இரண்டாவது வெளியீடு கணக்கிட நேரம் பிடிப்பது என்றால், நார்க்அவுட் 1-ஐவிடப் பெரிதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கணக்கிடுங்கள். கேட்காததைக் கணக்கிட்டு எறிவதில் லாபமில்லை.

அச்சிடுவதென்று முடிவானால்

டிஸ்ப் மாறியின் பெயரைச் சொல்லாது, மதிப்பை மட்டும் காட்டும். டிஸ்ப்ளே பெயரோடு காட்டும். அவசரச் சோதனைக்கு இவை போதும். ரெக்கார்டில் ஒட்டுவதற்கும் பிறர் படிப்பதற்கும் எஃப்பிரிண்ட்எஃப் ஒன்றுதான் சரி. ஆக்டேவில் பிரிண்ட்எஃப் என்றும் உண்டு, மேட்லாபில் கிடையாது. வீட்டில் ஆக்டேவ், கல்லூரி ஆய்வகத்தில் மேட்லாப் என்று இரண்டிலும் ஓட்டுகிறவர்கள் எஃப்பிரிண்ட்எஃப்-ஐயே பழகிக்கொள்வது நல்லது.

டிஸ்ப்-இல் வாசகத்தையும் எண்ணையும் சதுர அடைப்புக்குள் ஒட்டிப் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. 1515 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியில் கொதிக்கும். ‘கொதிநிலை’ என்ற வாசகத்தோடு 95 என்ற எண்ணை அப்படியே ஒட்டி அச்சிட்டால் 95 வராது, ஒரு அடிக்கோடு வரும். வாசகத்தோடு ஒட்டும்போது எண்ணும் எழுத்தாக மாறிவிடுகிறது. 95 என்ற குறியெண்ணுக்குரிய எழுத்து அடிக்கோடு. எண்ணை நம்2எஸ்டிஆர் வழியாக வாசகமாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். வளைவின் எண்ணான 20-ஐ ஒட்டினால் இன்னும் மோசம்: கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்து. எண் காணாமலே போய்விடும்.

எஃப்பிரிண்ட்எஃப்-இல் பொதுவாக மூன்று வார்ப்புகள் (மதிப்பை எந்த வடிவில் காட்டுவது என்று சொல்லும் குறிகள்) போதும்: முழு எண்ணுக்கு %டி, தசமத்துக்கு %.1எஃப், வாசகத்துக்கு %எஸ். வரி முடிய பின்சாய்கோடும் என்-உம். அதை மறந்தால் அடுத்த தூண்டுகுறி உங்கள் விடையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். %டி-க்குத் தசம எண்ணைக் கொடுத்தால் பிழை வராது, வார்ப்பு தானாக மாறும். 980.3 என்று கொடுத்தால் ஆக்டேவ் 980.3 என்றே காட்டும், மேட்லாப் 9.803000 என்று எழுதி 10-இன் அடுக்கைப் பின்னால் சேர்க்கும். ஒரே புரோகிராம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக அச்சிடுகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அணி. உயரம் ஒரு நிரல், அழுத்தம் ஒரு நிரல் என்று இரண்டுக்கு இரண்டு அணி வைத்திருக்கிறீர்கள்: முதல் நிரையில் 278, 980.3, இரண்டாவதில் 1515, 844.0. ‘உயரம் %.0எஃப், அழுத்தம் %.1எஃப்’ என்ற வார்ப்பில் அணியை அப்படியே கொடுத்தால் வருவது இது:

உயரம் 278, அழுத்தம் 1515.0
உயரம் 980, அழுத்தம் 844.0

எண்கள் எல்லாம் சரி, உட்கார்ந்த இடம் தப்பு. எஃப்பிரிண்ட்எஃப் அணியை நிரல்வாரியாக, மேலிருந்து கீழாக எடுக்கும். எண்கள் தீரும்வரை அதே வார்ப்பைத் திரும்பத் திரும்பப் போடும். அணிக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் வைத்து நிரையையும் நிரலையும் இடம் மாற்றிக் கொடுங்கள், சரியாகிவிடும். 1515 ஹெக்டோபாஸ்கல் என்பது கடல்மட்டத்தில்கூட இல்லாத அழுத்தம் என்பதால் இந்தத் தப்பு கண்ணில் பட்டது. இரண்டு நிரலிலும் ஒரே அளவிலான எண்கள் இருந்தால் வைவாவில் தேர்வாளர் கேட்கும்வரை தெரியாது.

தமிழ் வாசகம் நேராக நிற்காதது ஏன்

%10எஸ் என்றால் வாசகத்துக்குப் பத்து இடம் ஒதுக்கி அச்சிடும். ஆங்கிலப் பெயர்களுக்கு அட்டவணை நூல் பிடித்தாற்போல் நிற்கும். ‘சேலம்’, ‘ஏற்காடு’ என்று கொடுத்தால் வரிசை கலைந்துவிடும். ஆக்டேவ் வாசகத்தை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையின் பைட்டுகளாக எண்ணுகிறது; ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘சேலம்’ நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று 5 குறியீடு. ஆக்டேவுக்கு 15 பைட். ‘ஏற்காடு’ 4 எழுத்து, 7 குறியீடு, 21 பைட். இரண்டுமே பத்தைத் தாண்டிவிட்டதால் நிரப்புவதற்கு ஆக்டேவ் ஒரு வெற்றிடம்கூடப் போடாது. லெங்த் கொண்டு சோதித்தால் ஆக்டேவ் 15 என்றும் மேட்லாப் 5 என்றும் சொல்லும். மேட்லாபிலும் நேராக நிற்கும் என்று நம்ப வேண்டாம்: புள்ளியும் உகரக் குறியும் தனி இடம் பிடிப்பதில்லை, எழுத்துகளின் அகலமும் ஒன்றுபோல் இல்லை.

வெற்றிடத்தை எண்ணிச் சரிசெய்யும் வேலையில் இறங்காதீர்கள். எண்களை முதலில் போட்டு ஊர்ப் பெயரைக் கடைசி நிரலுக்குத் தள்ளுங்கள். ‘%6.0எஃப் %8.1எஃப் %எஸ்’ என்ற வார்ப்பில் எண்கள் நேராக நிற்கும், பெயரின் வால் எங்கே போனாலும் யாருக்கும் நட்டமில்லை. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். வேறு குறிமுறையில் சேமித்தால் கேள்விக்குறிகளோ கட்டங்களோதான் வரும்.

எத்தனை இலக்கம்

ஃபார்மட் லாங், ஃபார்மட் ஷார்ட் இரண்டும் காட்டுவதை மட்டுமே மாற்றும். உள்ளே இருக்கும் எண் ஏறக்குறைய 16 இலக்கத் துல்லியத்தோடு அப்படியே இருக்கும். ஆக்டேவில் 844.00 என்று தெரிவதை வைத்துக் கணினி வட்டமாக்கிவிட்டது என்று நினைத்து, திரையில் பார்த்த எண்ணைக் கையால் அடுத்த கணக்கில் தட்டினால்தான் துல்லியம் போகும்.

ஃபங்ஷனுக்குள் ஃபார்மட் கட்டளையை எழுதாதீர்கள். ஃபங்ஷன் முடிந்த பிறகும் அந்த மாற்றம் நிற்கும். கூப்பிட்டவரின் மற்றக் கணக்குகளெல்லாம் திடீரென்று நீளமாகத் தெரியும். ஆக்டேவில், காட்டும் இலக்கங்களின் எண்ணிக்கையை மாற்றும் அவுட்புட்_பிரிசிஷன் என்பதற்கு ‘லோக்கல்’ என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஃபங்ஷனோடு முடிந்துவிடும்.

இடைநிலைச் செய்திகள், எச்சரிக்கைகள்

நீண்ட சுற்றில் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், இரண்டாவது உள்ளீடாக ஒரு ஆம்-இல்லை மாறி வையுங்கள். நார்க்இன் (கூப்பிட்டவர் கொடுத்த உள்ளீடுகளின் எண்ணிக்கை) 2-க்குக் குறைவு என்றால் அதை ‘இல்லை’ என்று வைத்துவிடுங்கள். அச்சு வரிகள் எல்லாம் அந்த மாறியைக் கேட்கும் இஃப்-க்குள். கேட்காதவரை மௌனம் என்பதே இயல்புநிலையாக இருக்கட்டும். பேச வைக்க ஒரு சொல் போதும், பேசுவதை நிறுத்தத்தான் இருபது இடம் தேட வேண்டும். இந்தச் செய்திகளை எஃப்பிரிண்ட்எஃப்-இன் முதல் உள்ளீடாக 2 கொடுத்துப் பிழைத் தடத்தில் அனுப்பினால், டெர்மினலிலிருந்து விடையைக் கோப்புக்குத் திருப்பும்போது செய்திகள் அதில் கலக்காது.

எஃப்மின்செர்ச் (மீச்சிறு மதிப்பைத் தேடுவது) போன்ற கூடவே வரும் ஃபங்ஷன்களுக்கு, அவற்றின் தேர்வுகளை அமைக்கும் ஆப்டிம்செட்-இல் ‘டிஸ்ப்ளே’ என்ற தேர்வு இருக்கிறது. ‘ஆஃப்’ என்றால் மௌனம், ‘ஐடர்’ என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி, ‘ஃபைனல்’ என்றால் கடைசியில் மட்டும்.

எச்சரிக்கைகளை மொத்தமாக அணைக்காதீர்கள். தொல்லை தரும் எச்சரிக்கை வந்த உடனே கடைசி எச்சரிக்கையைச் சொல்லும் லாஸ்ட்வார்ன்-இலிருந்து இரண்டு விடைகளை வாங்குங்கள்; இரண்டாவது அதன் அடையாளப் பெயர். வார்னிங் கட்டளைக்கு ‘ஆஃப்’ என்பதோடு அந்தப் பெயரைக் கொடுத்து அதை மட்டும் அணையுங்கள். அணைக்கும்போது வார்னிங் திருப்பித் தரும் பழைய நிலையை ஒரு மாறியில் பிடித்து, வேலை முடிந்ததும் அதையே வார்னிங்-க்குத் திருப்பிக் கொடுங்கள். நடுவில் பிழை வந்து ஃபங்ஷன் விழுந்தாலும் பழைய நிலை திரும்ப வேண்டுமென்றால் அந்த வேலையை ஆன்க்ளீன்அப்-இடம் ஒப்படையுங்கள் (இதில் மட்டும் நடுவே ஒரு பெரிய எழுத்து உண்டு: onCleanup).

ஆக்டேவில் செய்திகள் ஓடும்போது வராமல், முடிந்த பிறகு மொத்தமாகக் கொட்டுகிறதா? வெளியீடு இடைச்சேமிப்பில் தேங்கி நிற்கிறது. தொடக்கத்தில் ‘மோர் ஆஃப்’ கொடுங்கள். சுற்றுக்குள் அச்சுக் கட்டளைக்கு அடுத்து எஃப்ஃப்ளஷ்-க்கு எஸ்டிடிஅவுட்-ஐ (திரைக்குப் போகும் தடம்) கொடுங்கள்.

பிறர் எழுதிய ஃபங்ஷன் கத்தினால்

திருத்த உரிமை இருந்தால் திருத்துங்கள். இல்லையென்றால் ஈவால்சி. கூப்பிடும் வரியை முழுதாக மேற்கோளுக்குள் வைத்து அதற்குக் கொடுத்தால், திரைக்குப் போக வேண்டியதெல்லாம் ஒரு வாசக மாறிக்குள் போகும். மேற்கோளுக்குள் எக்ஸ்-க்குக் கொடுத்த மதிப்பு வழக்கம்போல் எக்ஸ்-இலேயே இருக்கும். ஆனால் வரியை வாசகமாகக் கொடுப்பதால் எடிட்டரால் அதற்குள் இருக்கும் எழுத்துப்பிழையைக் காட்ட முடியாது, ஆயிரம் முறை ஓடும் சுற்றில் வேகமும் குறையும். படச் சன்னல்களைத் திறந்துகொண்டே போகும் ஃபங்ஷனுக்கு ஈவால்சி உதவாது. உங்கள் சொந்தப் படமாக இருந்தால் ஃபிகர்-ஐத் திறக்கும்போதே ‘விசிபிள்’, ‘ஆஃப்’ என்று கொடுத்துக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும் முன் ஐந்து விதமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்: செமிகோலன் இல்லாமல், செமிகோலனோடு, எக்ஸ்-இல் வாங்கிச் செமிகோலனோடு, 278, 1515 இரண்டையும் ஒரே அணியாக, 900-ஐவிடப் பெரிதா என்ற இஃப்-க்குள். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் திரை வெறுமையாக இருக்க வேண்டும். நான்காவதில் இரண்டு வரிகள், 278-க்கு எதிரே 980.3, 1515-க்கு எதிரே 844.0. இடம் மாறியிருந்தால் ஒற்றை மேற்கோள் விட்டுப்போயிருக்கிறது.